கட்டுமரமும் கேட்டமரானும்

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் சொல், தான் பிறந்த மண்ணின் பொருள் முழுவதையும் உடன்கொண்டு செல்வதில்லை. சென்றவிடத்துச் சில பொருளை இழக்கும். சில பொருளைப் புதிதாகப் பெறும். ஒரோவழி, புதிதாகப் பெற்ற பொருளோடு பிறந்த நாட்டிற்கே மீண்டு வந்து, பழைய பொருளை மறைத்து நிற்றலும் உண்டு. இம்மூன்று நிலையும் ஒருங்கே எய்திய தமிழ்ச்சொல் கட்டுமரம் என்பது. ஆங்கிலத்தில் இன்று நாள்தோறும் வழங்கும் கேட்டமரான் என்னும் சொல் அதன் திரிபே என்பதை ஆங்கில அகராதிகளும் உடன்படுகின்றன. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ஆங்கில இந்தியச் சொல்லகராதி இதனைத் தெளிவாகவே கூறுகின்றது.

ஆதலின், சொல்லின் பிறப்புப் பற்றி ஈண்டு வழக்கில்லை. வழக்கு அதன் பொருள் பற்றியதே. ஆங்கிலேயர்க்கு அச்சொல் பகாப்பதம். நமக்கோ அது தொகைச்சொல். பகாப்பதமாகக் கொண்டார் அதற்கு எப்பொருளையும் ஏற்றலாம். தொகையாகக் கொண்டார்க்கு அத்தொகையின் உறுப்புகள் வரம்பு செய்து நிற்கும். அவ்வரம்பை நாமே மறந்துவிட்டோமோ என்னும் ஐயம் எழுந்தமையின், இச்சொல்லின் வரலாற்றைப் பழவேற்காட்டுக் கடற்கரையை நிலைக்களமாகக் கொண்டு ஆராயப் புகுந்தோம்.

1. நிலைக்களம்

பழவேற்காட்டு ஏரி, சிலிகைக்கு அடுத்து இந்திய நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே சீஅரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கின்றது. தென்முனையில் முகத்துவாரத்தை அடுத்துக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன.

இவ்வூர்களின் சிறப்பு, இருவகை நீரும் அருகருகே அமைந்திருத்தலாம். ஒருபால் ஆழமில்லாத, அலையடங்கிய ஏரி. மற்றொருபால் இடையறாது அலை மோதும் திறந்த கடல். நீர் வேறாகவே கலமும் வேறாயிற்று. ஏரியில் தட்டையான அடியுடைய பலகைப் படகுகள் செல்லும். கடலுக்கு உரியதாய் இருந்தது கட்டுமரம். ஏரிநீரின்மேல் பலகைப்படகு தன் உட்புறம் வறண்டு மிதக்கும். அதனை அலைவாயில் செலுத்தினால் ஓரலை உள்ளே புகுந்தாலும் கலம் கனத்துத் தாழும். கட்டுமரத்திற்கோ உட்புறம் என்பதொன்று இல்லை. மேலேறிய நீர் மரங்களின் இடைவெளி வழியே கீழிறங்கிவிடும். ஆகவே அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. இயற்கைத் துறைமுகம் அரிதான சோழமண்டலக் கரைக்கு இதனினும் பொருந்திய கலத்தைக் கண்டறிதல் எளிதன்று.

மலைவேம்பு போன்ற இலகுவான மரங்களைச் செதுக்கி, மூன்று முதல் ஏழு வரை ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்து, நடுமரம் சற்றுத் தாழவும் முன்முனைகள் மேல்நோக்கி வளையவும் அமைத்து, இரு முனைகளிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவர். தொழில் முடித்துக் கரை சேர்ந்தபின் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். நீர் உறிஞ்சிய மரம் கனத்து மிதக்கும் ஆற்றலை இழக்கும் ஆதலின் இவ்வுலர்த்தல் இன்றியமையாதது. மறுமுறை கடல்புகும்போது மீண்டும் கட்டுவர். கட்டுதலும் அவிழ்த்தலும் மீண்டும் கட்டுதலுமாகிய இத்தொழிற்சுழற்சியே இச்சொல்லாய்வுக்குத் திறவுகோல் என்பது எம் கருத்து.

2. தொகையின் இலக்கணம்

தொல்காப்பியர் கூறும் தொகைகள் ஆறனுள் கட்டுமரம் எத்தொகை? இதற்கு மூவகை விடை கூறலாம்.

கட்டு என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டு, கட்டினை உடைய மரம் என விரித்தால் வேற்றுமைத்தொகையாம். கட்டு என்பதை வினைப்பகுதியாகவே கொண்டு, கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்திற்கும் விரித்தால் வினைத்தொகையாம். இவ்விரண்டனுள் ஒன்றனால் தொக்க சொல், மரத்தையே குறியாது மரத்தாலாய கலத்தைக் குறித்தது எனக் கொண்டால், அதன் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகையாம்.

புணர்ச்சி கொண்டு இதனைத் துணிதல் இயலாது. வருமொழி மெல்லெழுத்தை முதலாக உடைமையின், வல்லெழுத்து மிகுதலும் மிகாமையும் ஆகிய சான்று ஈண்டுக் கிடைப்பதில்லை. கட்டுச்சோறு, கட்டுத்தறி, கட்டுக்கதை முதலியவற்றில் வல்லெழுத்து மிகுதலைக் காட்டி, அவற்றைப் போலவே இதனிலும் கட்டு என்பது பெயரே எனத் தடை நிகழ்த்துவார் உளராவர். அத்தடை வலியுடையதே. எனினும், கட்டுச்சோற்றில் கட்டுதல் ஒருமுறை நிகழ்ந்து முடிவது. அவிழ்த்தபின் உண்பதன்றி மீண்டும் கட்டுவார் இலர். கட்டுமரத்தில் அத்தொழில் முடிவதே இல்லை. நேற்றுக் கட்டியதும் இன்று கட்டுவதும் நாளை கட்டுவதும் அதே மரம். காலங்கரந்த பெயரெச்சத்திற்கு இதனினும் பொருந்திய இலக்கியம் வேண்டுமோ? சொல்லளவில் இருவகைக்கும் இடமிருப்பினும், பொருளை நோக்குவார்க்கு வினைத்தொகை என்பதே ஏற்புடைத்தாகத் தோன்றும்.

மரம் என்னும் நிலையும் கருதத்தக்கது. பலமரம் சேர்ந்த கலத்தைக் கட்டுமரங்கள் என்னாது கட்டுமரம் என்றமை, அச்சொல் பால்பகா அஃறிணைப் பெயராதலின் அமையும். அதுவன்றியும், சோழமண்டலக் கரை மீனவர் வழக்கில் மரம் என்ற தனிச்சொல்லே ஆகுபெயராய்க் கலத்தைக் குறிக்கும். பெரிய மரம், சின்ன மரம், பறவைக்கோலா மீன் பிடித்தற்குரிய கோலாமரம் என்னும் வழக்குகள் இதற்குச் சான்றாம். ஆகவே மரம் என்பது கலத்தின் பொதுப்பெயர். கட்டு என்பது அதனைப் பிற கலங்களினின்று பிரிக்கும் அடை. அடையை நீக்கினால் பொருளின் சிறப்பு நீங்கும்.

கட்டுதலால் பெயர் பெறும் மரபு தமிழில் புதியதன்று. அம்பி, திமில், புணை, பஃறி, நாவாய், வங்கம் எனக் கலங்கள் பலவற்றைச் சங்க நூல்கள் கூறும். கட்டுமரம் என்னும் பெயர் அவற்றுள் இல்லை. ஆயினும் புணை என்பது புணைதல், அஃதாவது பிணைத்தல் என்னும் வினையோடு உறவுடையது. ஆற்றுவழிச் செல்லும் புணையை உயிர்க்கு உவமையாக்கிய கணியன் பூங்குன்றனார் கண்முன் நின்றதும் பிணைக்கப்பட்ட மிதவையே எனலாம். சொல் மாறியது; பெயரிடும் கருத்து மாறவில்லை. வடக்கே தெலுங்கு மீனவர் இவ்வினக் கலத்தைத் தெப்ப என்பர். அது நம் தெப்பமே. இருமொழியும் கலக்கும் எல்லை பழவேற்காடு என்பதற்குத் தோணிரேவு என்னும் ஊர்ப்பெயரே சான்று. தோணி என்பது தமிழ். துறையைக் குறிக்கும் ரேவு என்பது தெலுங்கு.

3. ஐரோப்பியர் செவியில்

ஐரோப்பியர் இக்கரையில் கப்பலை நிறுத்திக் கரையேறுதற்கு அலைவாயைக் கடத்தல் வேண்டியிருந்தது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1610ஆம் ஆண்டளவில் வாணிகம் தொடங்கினர். 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாக விளங்கியது அவ்வூரே. இக்கரை நெடுகிலும் பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே இடையே சென்று வந்தன. ஆகவே வந்திறங்கிய ஐரோப்பியர் முதலில் கண்ட தமிழ்ப் பொருள்களுள் கட்டுமரம் ஒன்று. முதலில் கேட்ட தமிழ்ச்சொற்களுள்ளும் அஃது ஒன்றாதல் இயல்பே.

வெனிசு நகர மணிவணிகர் காசுப்பரோ பல்பி, 1583ஆம் ஆண்டுச் செய்தியாக, ஏழு மரங்களைப் பிணைத்த கலத்தைக் குறிப்பிட்டு, அதன் பெயர் கதமெரோனி என எழுதினார். 1673இல் இக்கரை வழியே சென்ற ஆங்கில மருத்துவர் சான் பிரையர், நடுவே பாயும் செலுத்தத் துடுப்பும் உடைய பிணைமரங்களாக இதனை வருணித்தார். அவர் நூல் அச்சானது 1698இல். அதற்கு ஓராண்டு முன்னர், 1697இல் வெளியான வில்லியம் தாம்பியரின் உலகப் பயண நூல், ஓரிரு மரங்களே கொண்டு, ஒருவனை மட்டும் சுமந்து, அவன் கால்கள் நீரிலேயே நனைந்திருக்கச் செல்லும் சிறு மிதவையை இப்பெயரால் சுட்டியது. மூவரும் கண்டது மரங்களாலாய மிதவையே என்பதை மனத்திற் கொள்க.

ஒலித்திரிபு ஆராயத்தக்கது. கட்டு என்பதன் இறுதி குற்றியலுகரம். குறுகி ஒலிக்கும் அவ்வுகரம் ஆங்கிலர் செவியில் அகரமாகவும், கத்திமரோன் என்று எழுதிய பிரெஞ்சியர் செவியில் இகரமாகவும் பட்டது. இறுதி மகரமோ பேச்சுவழக்கில் மெய்யாக நில்லாது மூக்கொலி உயிராகத் தேயும். அதனை அவர்கள் னகரமாக எழுதினர். மகர ஈறு னகர ஈறாதல் நம் இலக்கண நூலார் கூறும் போலி. மரன் என்னும் வடிவம் பழைய செய்யுட்களிலும் உண்டு. இவ்வொற்றுமை கண்டு, ஐரோப்பியர் செய்யுள் வழக்கைக் கேட்டு எழுதினர் எனக் கொள்ளற்க. அவர் கேட்டது கடற்கரைப் பேச்சு; ஒப்புமை தற்செயலானது.

தொகைச்சொல் உறுப்பிழந்து ஒன்றாதற்கு இவ்வூர்ப் பெயரே மற்றோர் எடுத்துக்காட்டு. பழவேற்காடு என்பது பழ, வேல், காடு என்னும் மூன்று உறுப்புடையது. வேல் என்பது வேலமரம். லகரம் ககரத்தின்முன் றகரமாகி வேற்காடு என்றாயிற்று; வேர் என்பது நிலைமொழியாயின் வேர்க்காடு என நிற்றல் வேண்டும். இத்தொகை ஒல்லாந்தர் வாயில் பலியகத்தா என்றும் ஆங்கிலர் வாயில் புலிகாட் என்றும் திரிந்தது. பின்னர் இவ்வூர்வழி ஏற்றுமதியான வண்ணக் கைக்குட்டைத் துணிக்கே அது பெயராயிற்று. அத்துணியைப் போன்று காட்லாந்து நாட்டில் நெய்யப்பட்டதும் அப்பெயரே பெற்றது. வேலங்காடு துணியான இவ்விந்தை, உறுப்பறியாது சொல்லை வழங்குதலின் விளைவே.

4. ஆங்கிலத்தில் எய்திய பொருள்கள்

கட்டுமரமும் இவ்விந்தைக்குத் தப்பவில்லை. ஆங்கிலக் கடலோடிகள் கப்பற்பட்டறைகளில் பழுது பார்த்தற்குரிய மிதக்கும் மேடையை இப்பெயரால் வழங்கினர். 1804 அக்டோபர் 2ஆம் நாள் பூலோன் துறையில் நின்ற பிரெஞ்சுக் கலங்கள்மீது ஆங்கிலக் கடற்படை வெடிமருந்துப் பெட்டிகளை மிதக்கவிட்டது. அவற்றை வகுத்தவர் இராபர்ட்டு புல்டன். நீர்மட்டத்தில் தாழ்ந்து மிதந்த அப்பெட்டிகளும் கேட்டமரான் எனப்பட்டன. 1811இல் வெளியான ஒரு கொச்சைச்சொல் அகராதி, மெலிந்த முதியவளை இகழும் சொல்லாக இதனைப் பதிவு செய்தது. சொல்லின் முன்னுறுப்பு ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லோடு ஒலியொத்தமையின் இவ்வசைப்பொருள் வலுப்பெற்றிருக்கலாம். கனடாவின் நியூபவுண்டுலாந்தில் மரம் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிக்கு இப்பெயர் வழங்குகின்றது.

இவை யாவும் கிளைப்பொருள்கள். இன்று உலகெங்கும் பரவிய பொருள் வேறு. 1876இல் அமெரிக்கக் கலவல்லுநர் நதானியேல் எரசாவ் அமரில்லிசு என்னும் பாய்க்கலத்தைச் செய்தார். இணையாக நின்ற இரு மெல்லிய உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் சேர்த்தது அது; அடுத்த ஆண்டே அவ்வமைப்புக்கு உரிமைப்பதிவும் பெற்றார். அக்கலம் கேட்டமரான் எனப்பட்டது. அன்றுமுதல் அச்சொல் இரட்டையுடற் கலத்தின் பெயராக நிலைத்தது.

இதன்பின் நிகழ்ந்தது மொழிநூலார்க்கு வியப்பளிப்பது. 1940களில் மூன்றுடற் கலங்களை வகுத்த விக்டர் செச்செத்து அவற்றிற்குத் திரைமரான் எனப் பெயரிட்டார். பகாப்பதமாக இருந்த சொல் ஈண்டுப் பகுக்கப்பட்டது. மரான் என்பது கலவுடலைக் குறிக்கும் ஈறாகப் பிரிந்தது. ஐந்துடற் கலத்திற்குப் பெண்டமரான் என்னும் பெயரும் பின்னர் எழுந்தது. தமிழறியார் செய்த இப்பகுப்பு, தமிழிலக்கணம் செய்யும் பகுப்போடு ஒத்து, கட்டு என்பதற்கும் மரம் என்பதற்கும் இடையிலேயே விழுந்தது. நம் மீனவர் மரம் என்று கலத்தைச் சுட்டியவாறே அவர்களும் மரான் என்று கலவுடலைச் சுட்டினர்.

ஆயினும் பெற்றதனினும் இழந்தது பெரிது. மரான் நின்றது, கட்டு நீங்கியது. கட்டு நின்றவிடத்தில் எண்ணுப்பெயர் வந்து அமர்ந்தது. கட்டி, அவிழ்த்து, மீண்டும் கட்டும் தொழில் சொல்லிலிருந்து மறைந்து, உடல்கள் எத்தனை என்னும் வினாவே எஞ்சியது.

5. மீண்டு வந்த பிழை

இதுவரை கூறியன அயலார் வழக்கு. அதுபற்றி நாம் குறைகூறுதற்கு இல்லை. குறை நம்மிடத்தது. அண்மைக்காலக் கட்டுரைகள் சிலவற்றில், இரட்டையுடற் கலத்தைக் கண்டவர் தமிழரே என்றும், சோழர் கடற்படை அத்தகைய கலங்களில் சென்றது என்றும் எழுதக் காண்கின்றோம். அதற்குக் காட்டும் சான்று கேட்டமரான் என்னும் சொல்லின் பிறப்பு ஒன்றே. சொல் நமதாதலின் அச்சொல் இன்று குறிக்கும் பொருளும் நமதே என்பது அவர்தம் முறை.

இம்முறை பொருந்தாது. 1583லும் 1673லும் 1697லும் கண்டு எழுதியோர் கூறியது பிணைமரங்களை, இரண்டு உடல்களையன்று. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்து, இந்தியப் படகுகளின் அமைப்புப் பற்றி 1920இல் நூல் வெளியிட்ட சேம்சு ஆர்னல் விளக்கிய கட்டுமரமும் அத்தகையதே. இருதோணிகளை இணைத்துச் செலுத்தும் தொன்மை பசிபிக்குத் தீவினர்க்கு உரியது. அவர் புகழை ஒரு சொல்லின் துணைகொண்டு நாம் எடுத்துக்கொள்ளுதல் நேர்மையன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பயிலும் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே: சொற்பிறப்பு, சொல் எங்கிருந்து வந்தது என்பதனை அறிவிக்கும், பொருளின் வரலாற்றைப் பொருளினிடத்தே தேடல் வேண்டும்.

இவ்வுரிமை கோரலில் மற்றோர் இழப்பும் உண்டு. இல்லாத பெருமையை நாடுவார் உள்ள பெருமையைக் காணத் தவறுவர். அலையை எதிர்த்து நில்லாது தன்னூடே செல்லவிடும் கலம். ஆணியின்றிக் கயிற்றாலேயே இறுகுவது. அவிழ்த்தால் மரமாகவும் கட்டினால் கலமாகவும் நிற்பது. துறைமுகமற்ற கரையில் இதனை வகுத்தவர் அறிவுக்கு இரட்டையுடல் என்னும் இரவல் அணி வேண்டுவதில்லை.

6. இன்றைய வழக்கு

பிறந்த கரையிலும் இச்சொல் மாறிவருகின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையின் கட்டுமரங்கள் பலவற்றைச் சிதைத்தது. அதன்பின் நிவாரணமாக வந்த கலங்களுள் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. இலகுமரம் கிடைத்தலின் அருமையும் விசைப்பொறியின் வசதியும் முன்னரே தொடங்கிய மாற்றத்தை அது விரைவுபடுத்தியது. இன்று பைபர் கட்டுமரம் என்னும் வழக்கும் உண்டு. அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. காரணப்பெயராய்ப் பிறந்த சொல் தன் ஊரிலேயே இடுகுறியாகின்றது. ஆங்கிலத்தில் முந்நூறு ஆண்டில் நிகழ்ந்தது ஈண்டு ஒரு தலைமுறையில் நிகழ்கின்றது எனலாம்.

இது சொல்லளவில் நிற்கும் செய்தியன்று. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல்மைல் அளவை விசைப்படகுகளுக்கு விலக்கியது. கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடைமுறையிலுள்ள மீன்பிடித் தடையினின்றும் விசைப்பொறி பொருத்தாத மரபுக்கலங்கள் விலக்குப் பெறுகின்றன. எக்கலம் எப்பெயர்க்கு உரியது என்பதில் ஒரு குடும்பத்தின் இருமாத உணவு அடங்கியுள்ளது. பொறியின்றிக் கடல்புகும் கலத்திற்கும் பொறியோடு விரையும் கலத்திற்கும் கட்டுமரம் என்னும் ஒரே பெயர் வழங்குமாயின், அப்பெயர் சுட்டும் வேற்றுமை காலப்போக்கில் பொருளற்றதாகும்.

வழங்கும் சொல்லை வழங்கற்க எனத் தடுத்தல் எவர்க்கும் இயலாது. அஃது எம் நோக்கமுமன்று. மேலைநாட்டுக் கலத்தை இரட்டையுடற் கலம் என்றும் நம் கலத்தைக் கட்டுமரம் என்றும் எழுதும் தெளிவையேனும் ஆய்வாளர் கைக்கொள்ளல் வேண்டும். பழவேற்காட்டு மணலில் அவிழ்த்து உலர்த்திய மரங்கள் இன்று அருகிவிட்டன. அவை அறவே மறைவதற்குள், கட்டும் கயிற்றின் பெயர் முதல் மரங்கள் ஒவ்வொன்றின் பெயர் வரை, மீனவர் வாய்மொழிச் சொற்களை ஊர்தோறும் சென்று திரட்டுதல் தமிழ்த்துறை மாணவர் கடன். அச்சொற்களை அறிந்த முதியோர் பலர் இன்னும் அக்குப்பங்களில் உளர்.